ஏரிக்குப் போன துர்க்கை

துர்க்கை, சர்க்கேல் வீட்டு கராஜில் குடியிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்து வெள்ளி, சனி, ஞாயிறு, வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்ப் பூசை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். மற்ற நாளெல்லாம் பழைய கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு மரப்பெட்டிக்குள், புல் வெட்டும் இயந்திரத்துக்கும் பனி அள்ளும் மண்வாரிக்கும் நடுவில் நின்றிருப்பாள். அவளுக்கு இடம் விட்டதால் நிருபம் சர்க்கேலின் கார் குளிர்காலம் முழுக்க வெளியே பனியில் நின்றது. கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டு உள்ளே வரும்போதெல்லாம் அவர் மனைவி பூரபியிடம் சொல்வார்: "மகிஷனைக் கொன்னவளுக்கு க்ளீவ்லாண்ட் குளிர் ஆகாதாம். எனக்கு ஆகுமாம்."

சிலையைக் காப்பது தன் பொறுப்பு என்று பூரபிதான் முதல் வருஷம் கை தூக்கியிருந்தாள். கல்கத்தாவில் பத்தாம் நாள் மேளதாளத்தோடு தேவியைக் கங்கையில் கரைத்துவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்ய முடியாது. கடல் கடந்து கப்பலில் வந்த களிமண் அவள். அதனால் பூசாரி ஒரு தாம்பாளத் தண்ணீரில் கண்ணாடியைப் பிடித்து, அதில் விழும் அவள் முகத்தை மட்டும் முக்கி எடுத்து, விடைகொடுத்ததாகக் கணக்குப் பண்ணிக்கொள்வார். பெண்கள் குங்குமம் பூசி அழுவார்கள். அழுது முடித்ததும் ஆண்கள் அவளைப் பெட்டியில் வைத்து ஆணி அடிப்பார்கள். எத்தனையோ முறை வழியனுப்பியும் அவள் எங்கும் போனதில்லை.

ஏரிக்கரை வங்காளிச் சங்கம் பூசைக்காகப் பிறந்தது அல்ல. அது எழுபத்தோராம் வருஷம். கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டு, எல்லை தாண்டி வந்த சனம் கல்கத்தாவின் கழிவுநீர்க் குழாய்களுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பூரபி கல்யாணமாகி க்ளீவ்லாண்டுக்கு வந்த புதிது. ஒருநாள் மழையில் பஸ்ஸுக்கு நின்றவள், பக்கத்தில் ஒரு பெண் இடுப்புப் பிள்ளையைக் கிழக்கு வங்காளத்துப் பரிசால் ஊர்ப் பேச்சில் வைவதைக் கேட்டாள். திரும்பி, "ஏன்டி குழந்தையைத் திட்டறே, வா, குடைக்குள்ள வா" என்றாள். அந்தப் பெண் குடைக்குள் வந்து, யாரென்றே தெரியாத இவள் தோளில் சாய்ந்து அழுதாள். அவள்தான் ஹஸ்னா. அவள் அண்ணனைப் பற்றி அப்போது மாதக்கணக்கில் தகவல் இல்லை.

அந்த வாரமே பூரபியின் இரண்டறை வீட்டில் ஊரிலிருந்த வங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். எல்லாரும் என்றால் ஒரு பாய் விரிப்பில் உட்காரும் அளவுதான். ஒரு மாதா கோயிலின் நிலவறையைக் கேட்டு வாங்கி ஹஸ்னாவைப் பாட வைத்தார்கள். மொழி தெரியாத வெள்ளைக்காரக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கம்பளியும் மருந்தும் வாங்கி அனுப்ப முடிந்தது. போர் முடிந்தது. அண்ணன் வரவில்லை. ஆனால் கூடிய கூட்டம் கலையாமல் சங்கமாகிவிட்டது. பூசை பிறகுதான் வந்தது. நியூயார்க் துறைமுகத்துக்குப் போய்ச் சிலைப்பெட்டியைத் தன் வேனில் ஏற்றி வந்தவர் ஹஸ்னாவின் கணவர் மொக்பூல். குளிர்பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். தேவியை அழைக்கிற முதல் பாட்டை வருஷாவருஷம் ஹஸ்னா பாடினாள். சிலைக்கு முன்னால், தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். அதில் யாருக்கும் விநோதம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

வாய்கள் திறந்தது தொண்ணூற்றிரண்டு டிசம்பரில். அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட வாரமே டாக்கா பக்கம் கோயில்கள் எரிந்தன. புத்தாண்டுக்குக் கூடிய சங்க விருந்தில் மீன் குழம்பு ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. அப்போது ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் நிறையப் பேர், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் துருவஜோதி. மரியாதை தெரிந்த பையன்தான். பெரியவர்களைக் கண்டால் காலைத் தொடுவான். பூசை என்பது பூசை செய்கிறவர்களுடையது, சங்கத்தில் ஓட்டும் மேடையும் அவர்களுக்கு மட்டும்தான் என்று அவன் தீர்மானம் கொண்டுவந்தான். எதிர்த்து எழுந்தவர் பழைய தலைவர் டாக்டர் சந்தீபன் லாகிரி. ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் விடமாட்டார். "ஹஸ்னா இல்லாத சங்கம் சங்கமே இல்லை" என்று மேஜையைக் குத்தினார். அதன் பிறகு மாதாமாதம் கூட்டம் நடந்தது, மாதாமாதம் அவர் மேஜையைக் குத்தினார். ஒருநாள்கூட ஹஸ்னா வீட்டுக்குப் போன் பண்ணவில்லை.

வசந்த காலத்தில் ஒரு பிற்பகல் ஹஸ்னா பூரபி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தேநீரைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை கரைந்து வெகுநேரமாகியிருந்தது.

"ஒரு கட்சி என்னை வெளிய தள்ளுது. இன்னொரு கட்சி தூக்கிப் பிடிக்குது" என்றாள். "நான் என்ன நினைக்கிறேன்னு ரெண்டு பேருமே கேக்கல. கொடிகிட்டப் போய் யாராவது கருத்துக் கேப்பாங்களா?"

பூரபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கேன்ல" என்றாள். ஹஸ்னா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு, கடைசி மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று எழுந்து போனாள்.

கோடை முடிவதற்குள் சங்கம் இரண்டாகிவிட்டது. இரண்டு கட்சிக்கும் ஒரே பெயர், ஒரே முத்திரை. இரண்டு மண்டபங்கள் பேசி முடித்தாயிற்று. மேளத்துக்கும் சமையலுக்கும் ஆள் சொல்லியாயிற்று. தேவி மட்டும் ஒருத்திதான் இருந்தாள், அவளும் சர்க்கேல் வீட்டுக் கராஜில்.

முதலில் வந்தவர் சந்தீபன். கையில் இனிப்புப் பெட்டி. சிலை எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம்தான் அசல் சங்கம் என்று ஊர் நம்பும், அதனால் சனிக்கிழமை காலை ஆள்களோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று தன் திட்டத்தையும் சொன்னார். இந்தத் தடவை ஹஸ்னாவைச் சிலைக்கு முன்னாலேயே நிறுத்தி, பத்திரிகைக்காரர்களை வரவழைத்துப் படம் எடுக்க வேண்டும். "அந்தப் பையங்க மூஞ்சியில கரி பூசின மாதிரி இருக்கும், பார்" என்றார்.

மறுநாள் துருவஜோதி மனைவியோடு வந்தான். மனைவி பூரபியின் காலைத் தொட்டாள். இளையவர்கள் எல்லாருக்கும் பூரபி 'பௌதி', அண்ணி. அவனும் சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகத்தான் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க பௌதி. சிலையைக் கொண்டுபோனதும் முதல்ல ஒரு சுத்திச் சடங்கு பண்ணணும். இத்தனை வருஷத்துல யார் யார் கையோ பட்டிருக்கு" என்றான்.

பூரபி அவன் கையில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வரட்டும்" என்றார் நிருபம், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "தேவி ஒருத்தனுக்கு, சிங்கம் ஒருத்தனுக்கு. அசுரனை நாம வச்சுக்கலாம், பழகிப்போச்சு." பூரபி சிரிக்கவில்லை. அவர் செய்தித்தாளை இறக்கி அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அதன் பிறகு அவர் வேறு வேடிக்கை சொல்லவில்லை. இரு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றிப் போன் பண்ணிக்கொண்டிருந்ததால், போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூரபி மொக்பூலின் கடைக்குப் போனாள். பழைய சோபா ஒன்றைக் குப்பைக் கிடங்கில் போடவேண்டும், வேன் வேண்டும் என்றாள். தான் வந்து ஓட்டட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், நிருபம் ஓட்டுவார் என்றாள். அவர் துருக்கறை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கினாள். சுத்தியல் சத்தம் கேட்டு நிருபம் கராஜுக்கு வந்தார். தேவியை இன்றைக்கே ஏரியில் கரைத்துவிடப் போவதாக அவரிடம் சொன்னாள்.

"உங்களால தூக்க முடியலேன்னா நான் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடறேன்" என்றாள்.

அவர் உள்ளே போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

முறைப்படி செய்யாமல் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. வெற்றிலை கிடைக்காததால் கொல்லையிலிருந்த மேப்பிள் மரத்து இலையைப் பறித்துவந்து தேவியின் இரண்டு கன்னத்தையும் துடைத்தாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். பால்கட்டியில் செய்த சந்தேஷை உதட்டில் ஒற்றினாள். குலவையிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஒரு ஊரே சேர்ந்து இடுகிற குலவையைத் தனியாளாக, கராஜில் நின்று எப்படி இடுவது?

நகரத்துக்குக் கிழக்கே, படகு இறக்குகிற சரிவு ஒன்று ஏரிக்குள் போகிறது. அக்டோபரில் அங்கே யாரும் படகு விடுவதில்லை. காற்று காதை அறுத்தது. தள்ளுவண்டியில் கட்டி இறக்கி, சரிவின் முனையில் கயிற்றை அவிழ்த்தார்கள். முதலில் தேவியோடு கூட வந்த அவள் பிள்ளைகளின் சிலைகள் நாலும், கடைசியாகத் தேவியும் சிங்கமும் அசுரனும் ஒரே கட்டாக. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

தேவி முழுகவில்லை. உள்ளே வைக்கோல். மல்லாந்து மிதந்து கொஞ்ச தூரம் போனாள், அலை திருப்பிக் கொண்டுவந்து சரிவில் மோதியது. ஒரு கை முறிந்தது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி வந்தாள். சாயம் கரைந்து கன்னத்தில் மஞ்சளாக வழிந்தது, கண் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் நிருபம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வேனில் கிடந்த ஒரு பலகையால் அவளை ஆழத்துக்குத் தள்ளினார். அவர் பல் தந்தியடிப்பது கரையில் நின்றவளுக்குக் கேட்டது. தேவி ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் குடித்துக் கனத்து, மெல்ல இறங்கினாள்.

நிம்மதி வரும் என்று பூரபி நினைத்திருந்தாள். யாரையோ கொன்றுவிட்டுப் போகிறவள் மாதிரி வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக் காலையில் இரண்டு கூட்டமும் வந்து நிற்கும்போது, பெட்டியைத் திறந்து காட்டி நடந்ததைச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். வேனைக் கடை வாசலில் விட்டுச் சாவியைக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நிருபத்துக்கு அன்று மாலையே காய்ச்சல் கண்டது.

சரிவுக்கு எட்டத்தில் மீன்பிடி மேடை ஒன்று உண்டு. அங்கே அசீம் என்ற ஒரு சங்கத்துக்காரன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். வங்காளி எந்த ஊருக்குப் போனாலும் மீன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அவனுக்குத் தெரிந்தது, மொக்பூல் பெயர் எழுதிய வேன் சரிவிலிருந்து வேகமாகக் கிளம்பிப் போனது மட்டும். என்னவென்று பார்க்கப் போனவன் கண்ணில், வைக்கோல் மிதக்கும் தண்ணீரில், சங்கு வளையல் போட்ட களிமண் கை ஒன்று பட்டது. அதை எடுத்து மீன் வாளியில் போட்டுக்கொண்டு நேரே துருவஜோதி வீட்டுக்குப் போனான்.

அவர்கள் பூரபிக்குப் போன் பண்ணினார்கள். வயர் பிடுங்கிய போனை யார் எடுப்பார்? இவர்கள் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்க்கலாம் என்று யாரோ ஒருவன் சொன்னானாம். பௌதியைக் கட்டிப்போட்டுவிட்டுக்கூட மொக்பூல் எடுத்துப் போயிருப்பான் என்று இன்னொருவன் சொன்னானாம். அதற்குப் பிறகு யாரும் எதையும் போய்ப் பார்க்கவில்லை. ஒரு கூட்டம் நேராக மொக்பூல் வீட்டுக்குப் போனது. சந்தீபனின் ஆள்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

மொக்பூல் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது, வேனைச் சோபா ஏற்றுவதற்குப் பூரபி வாங்கிப் போனாள் என்று சொன்னார். உள்ளதைத்தான் சொன்னார். அவர்களுக்கு அது பொய்யைவிட மோசமாகப் பட்டது. "பௌதி மேலயே பழி போடறியா?" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். தள்ளுமுள்ளில் மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்தது. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்ததும் கூட்டம் கார்களில் ஏறிப் போய்விட்டது. தன் வீட்டு வாசலில் தனியாக நின்ற மொக்பூலைத்தான் போலீஸ் வெகுநேரம் விசாரித்தது. அவர் மகள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது எதுவும் தெரியாமல் சனிக்கிழமை காலையில் பூரபி இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு கராஜ் கதவைத் தூக்கினாள். வெளியே தெரு முழுக்க கார்கள். இரண்டு கட்சியும் இருந்தது. அவளை முழுசாகக் கண்டதும் துருவஜோதியின் மனைவி, "பௌதி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்போதுதான் பூரபி பார்த்தாள். அசீம் ஒரு துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டிருந்தான், அந்தக் கையை.

கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான்தான் கரைச்சேன்" என்றாள். "நானும் இவரும். வேனை மொக்பூல்கிட்டப் பொய் சொல்லி வாங்கினேன்."

ஒரு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் ஒரே குரலில் அவளைத் திட்டத் தொடங்கியது. பைத்தியம் என்றார்கள். ஊர்ச் சொத்தை அழிக்க நீ யார் என்றார்கள். சந்தீபன், "இத்தனை வயசுக்கு இது தேவையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்த நிருபம், "பூசைக்கு இன்னும் ரெண்டு வாரங்கூட இல்ல. போய்ப் பொம்மை தேடுங்கடா" என்றார். அவ்வளவு கோபமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கூட்டம் கலையும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது பூரபி காதில் விழுந்தது: "அவ வாயால சொல்றா, சரி. சொல்லிக் கொடுத்தது யாரோ?" அதோடு கூடவே முந்தின நாள் மாலை நடந்ததும் அவள் காதுக்கு வந்துசேர்ந்தது.

ஹஸ்னா வீட்டு வாசலில் அவள் போய் நின்றபோது ஹஸ்னா கதவைப் பாதிதான் திறந்தாள். அழுத முகம் இல்லை. அது பூரபியைப் பயமுறுத்தியது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் பூரபி. "நான்தான்னு சொல்லிட்டேன்."

"சரி."

"உங்க ரெண்டு பேரையும் இதுல இழுக்கக் கூடாதுன்னுதான் சொல்லாம செஞ்சேன். உனக்குத் தெரிஞ்சா உன்மேல பழி வரும்னு..."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்காகத்தான்னு" என்றாள் ஹஸ்னா. குரல் உயரவில்லை. "அவ முன்னாடி வருஷாவருஷம் நின்னு பாடினவ நான். உன் வீட்டு கராஜ்ல அவளுக்குப் போர்த்தின கம்பளிகூட என் கம்பளிதான். அவளை அனுப்பி வைக்கணும்னு உனக்குத் தோணிச்சு. அப்ப என்னைக் கூப்பிடணும்னு தோணல. என் புருஷனோட வேன் மட்டும் வேணும்னு தோணிச்சு."

உள்ளேயிருந்து மொக்பூலின் குரல் கேட்டது. "வெளிய குளிருது. உள்ள வரச் சொல்லு அவங்களை."

ஹஸ்னா திரும்பவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பூரபிதான் படியிறங்கி வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. சங்கத்துக் கார்கள் மொக்பூல் கடை வாசலில் நிற்பது குறைந்தது. இதில் தாங்கமுடியாதது இன்னொன்று. அவருடைய மசூதியிலும் பேச்சுக் கிளம்பியது. விக்கிரகத்தை ஏற்றிப் போகிற வேன் என்று தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது யாரோ கேலி செய்தார்கள். சில வாரம் அவர் வெள்ளிக்கிழமைகளில் கடையிலேயே பாயை விரித்தார். வேனில் இருந்த பெயரின் மேல் வெள்ளைச் சாயம் அடித்தார். நிருபம் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த நல்ல துவைக்கும் இயந்திரத்தின் வாரைத் தானே அறுத்துவிட்டு, பழுது பார்க்க அவரைக் கூப்பிட்டார். மொக்பூல் வந்தார், புது வாரை மாட்டினார், அறுத்த நுனியைப் பார்த்துச் சிரித்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஆண்கள் இரண்டு பேரும் அப்படியே தொடர்ந்தார்கள். பெண்களால் முடியவில்லை.

ஊரில் இரண்டு பூசை நடந்தது. அந்த வருஷம் ஒரு கட்சி படத்தை வைத்துச் செய்தது, இன்னொரு கட்சி டொரன்டோவிலிருந்து சிலையை இரவல் வாங்கி வந்தது. அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் கல்கத்தாவிலிருந்து புதுச் சிலை, ஒன்றைவிட ஒன்று உயரம். வெள்ளி விழாவையும் இரண்டு தடவை கொண்டாடினார்கள். இரண்டு மேடையிலும் சங்கத்தின் வரலாறு என்று ஒன்றைச் சொன்னார்கள். ஒன்றில் ஹஸ்னா பெயர் வரவே இல்லை. மற்றதில் சந்தீபன் அவளைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசினார், அவளை அழைக்க மறந்துவிட்டு. பூரபிக்கு இரண்டு அழைப்பும் வந்தன. அவள் எதற்கும் போகவில்லை. ஹஸ்னாவை இந்தியக் கடையில் எப்போதாவது பார்ப்பாள். "கீரை நல்லாருக்கா?" "பரவால்ல." அவ்வளவுதான். மனசிலே முள் தைத்த இடம் சீழ் வைக்கவும் இல்லை, ஆறவும் இல்லை.

நிருபம் ஒரு மார்ச் மாதம், கராஜ் காலியான பிறகும் பழக்கத்தில் வெளியிலேயே நிறுத்திய கார்மேல் விழுந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே ஒரு கட்சி ஜன்னல் பக்கமும் ஒரு கட்சி மாடிப்படிப் பக்கமுமாக உட்கார்ந்தது. அப்போது மொக்பூலும் ஹஸ்னாவும் உள்ளே வந்தார்கள். ஹஸ்னா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். பேச்சு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் வந்து பூரபியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மொக்பூல் நிருபத்தின் படத்துக்கு முன்னால் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி விசித்து அழுதார்.

சந்தீபனுக்கு அப்போது வயதாகிவிட்டது. கைத்தடியை ஊன்றி எழுந்து, "ஹஸ்னா, நிருபத்துக்காக ஒரு பாட்டுப் பாடேன்மா" என்றார். ஜன்னல் பக்கத்திலிருந்து துருவஜோதியும், "ஆமா ஆபா, பாடுங்க" என்றான். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னால முடியாது" என்றாள் ஹஸ்னா. சமாதானமாக ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள்.

எல்லாரும் போன பிறகு பூரபி அங்கே போனாள். ஹஸ்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பூரபி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் பூரபி. "அந்தத் தகராறு நடந்துதே, அப்ப நீ என்ன நினைச்சே? நான் கேக்கவே இல்ல."

ஹஸ்னா குழாயை மூடினாள்.

"சொன்னா உனக்குப் பிடிக்காது."

"சொல்லு."

"பாடறதை விட்டுடலாம்னு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே நினைச்சுட்டேன். அங்க நின்னு பாடற ஒவ்வொரு தடவையும் எங்க ஆளுங்க வீட்டுக்கு வந்து பேசுவாங்க. என் மகளைப் பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. நீங்க எல்லாரும் கை தட்டுவீங்க, பாரு நம்ம ஹஸ்னா எவ்வளவு நல்லவன்னு. நல்லவளா இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போச்சுடி. எனக்குப் பாட்டு பிடிக்கும். அந்தக் கைதட்டல் பிடிக்கல. துருவஜோதி தீர்மானம் கொண்டு வந்தப்ப, ஜெயிச்சுட்டாத் தேவலையே, கௌரவமா வீட்ல உக்காந்துடலாமேன்னுகூட ஒருநாள் நினைச்சேன். உன்கிட்ட அதைச் சொல்லத்தான் அன்னிக்குத் தேநீர் குடிக்க வந்தேன். நீ கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் இருக்கேன்லன்னே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

பூரபி துணியைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை வருஷமும் ஹஸ்னாவுக்காகத்தான் அந்த ஏரிக்குப் போனோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த காரணம் கையை விட்டு நழுவிப் போனது. கோபம் வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அதற்கடியில், ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள் கடைசியில்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள் ஹஸ்னா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குக் கிட்டத்தில் போய்விட்டுத் திரும்பினார்கள்.

வெளியே மொக்பூல் காரைக் கிளப்பி வைத்துக் காத்திருந்தார். ஹஸ்னா கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்று, சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன், ஆறுமுன் சாப்பிடு என்றாள். வியாழக்கிழமை வருவேன் என்றும் சொன்னாள். வியாழக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, சொல்லாமல், வந்தாள்.